அறுபத்திரண்டு ஜிபியும் ஒரு பாதி வாக்கியமும்

காவலூர்,
19.9.2025

அன்புள்ள மருமகன் சிரஞ்சீவி கோகுல்ராஜுக்கு மாமன் முனிசாமி ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் உன் அத்தை ரஞ்சிதமும், கட்டுப் பிரித்த என் இடது காலும் சுகம். அவ்விடம் பெங்களூரில் உன் சுகத்துக்கும், என் அக்காவாகிய உன் தாயாரின் முழங்கால் வலி குறையவும் வேண்டிக்கொள்கிறேன். மழை அளவோடு பெய்கிறது. சாமை கதிர் வாங்கியிருக்கிறது. மரியாதைக்காக எழுதவேண்டியது இத்தோடு முடிந்தது.

மாசி மாதம் புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து நான் காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தபோது, வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்க்கும் நீ பழைய மெஷின் ஒன்றையும் உங்கள் கம்பெனி போட்ட 'நாகமுடி' என்கிற விளையாட்டையும் கொண்டுவந்து டிவியில் மாட்டிவிட்டு, "பொழுது போவும் மாமா" என்று சொல்லிப் போனாய். அதை நீ அன்பினால் மட்டும் செய்யவில்லை, உள்ளே உறுத்தியதால் செய்தாய் என்று எனக்குத் தெரியும். உனக்கென்று நான் பேசி வைத்திருந்த என் மகள் அபிநயா, கணியம்பாடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பூவரசனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே நீதான். அன்று முதல் இரண்டரை வருடமாக நான் அவளோடு பேசவில்லை. உன்னோடு மட்டும் ஏன் பேசுகிறேன் என்று உன் அத்தை கேட்கிறாள்.

இப்போது 'நாகமுடி'க்கு வருகிறேன். வனத்துறையில் முப்பத்து மூன்று வருடம் காவலராகக் காட்டைச் சுற்றியவன் நான். உங்கள் காட்டில் மான்கள் நெருப்பைப் பார்த்தால் அதை நோக்கி நடக்கின்றன. வாள் வாங்கப் போனால் கொல்லன் இடுப்புவரை தரையில் புதைந்தபடி விலை சொல்கிறான். என் குதிரை அரண்மனைக் கூரைமேல் ஏறி நின்றது, நான்கு நாள் இறங்கவில்லை. ராணி வாயை அசைக்கிறாள், குரல் பக்கத்திலிருக்கும் மந்திரியிடமிருந்து வருகிறது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால், "அது எங்களுக்குத் தெரிஞ்ச கோளாறுதான் மாமா. தேதி சொல்லிட்டோம், அதான் அப்டியே வுட்டுட்டோம். அடுத்த அப்டேட்ல சரியாய்டும்" என்கிறாய். ரோந்து போகாமலே ரோந்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால் எங்களுக்கெல்லாம் மெமோ வரும், தெரியுமா? உங்களுக்கு விருது வந்ததாம். இதெல்லாம் போகட்டும், ஒரு மாதம் வெட்டுப்பட்டு ரத்தம் சிந்தி விளையாட்டின் வில்லன் நாகராஜன் கோட்டை வாசலுக்குப் போனால், கடைசி அத்தியாயம் தனியாக விற்பனைக்கு வரும், கார்த்திகைவரை காத்திருங்கள் என்று எழுதியிருக்கிறது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, தாலி கட்டுவதற்குத் தனிப் பத்திரிகை வரும் என்று சொல்கிற ஆட்களை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஐதராபாத்துக்காரர்கள் போட்ட 'வெண்கொம்பு' விளையாட்டையும் பார்த்தேன். ஆலங்காயத்தில் நெட் சென்டர் வைத்திருக்கும் சின்னராசு அதன் டிஸ்க்கைக் கொடுத்தான். ஏழு வருடம் எடுத்துக்கொண்டார்களாம். நான்கு தடவை தேதியைத் தள்ளிப்போட்டு, நான்கு தடவையும் மன்னிப்புக் கடிதம் எழுதினார்களாம். ஜனங்கள் வாயில் வந்தபடி திட்டினார்களாம். திட்டை வாங்கிக்கொண்டு முழுசாக முடித்துத்தான் வெளியே விட்டிருக்கிறார்கள். ஒரே டிஸ்க், அப்டேட் கிடையாது, பாக்கி அத்தியாயம் கிடையாது. மானுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று தெரிகிறது. சிறுத்தை நடந்த தடத்தில் முன்கால் பதிந்த இடத்திலேயே பின்கால் பதிந்திருக்கிறது. அதைப் பார்த்தபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். காட்டை மதித்த எவனோ ஒருத்தன் உட்கார்ந்து செய்திருக்கிறான்.

ஆனாலும் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு உங்கள் ஓட்டை விளையாட்டுக்கே திரும்பி வந்தேன். ஏனென்றால் 'வெண்கொம்பு' தனி ஆள் ஆடுவது. 'நாகமுடி'யில் இரண்டு பேர் அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து ஆடலாம். சித்திரையில் ஒருநாள், "துணைக்கு ஒரு மருத்துவச்சியை அனுப்பறேன் மாமா" என்றாய். பச்சைப் போர்வையும் மூலிகைப் பையுமாக ஒருத்தி வந்து என் பக்கத்தில் நின்றாள். பேசுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்தாள். அந்தக் கனைப்பை எனக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். என் இருமல் அவளுக்கும் தெரியாதா? இரண்டு பேரும் தெரியாத மாதிரியே இருந்துவிட்டோம். அவள் என்னை 'வீரரே' என்பாள், நான் அவளை 'மருத்துவச்சியம்மா' என்பேன். தினம் மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்துவரை, ஜன்னலில் மொபைலை வைத்தால் வருகிற சிக்னலில்.

"வீரரே, பாலத்துக்கு அந்தாண்ட ஓநாய் கீது, பாத்து வாங்க."

"எனக்குத் தெரியும். நீ என் பின்னாலயே வா. சாப்ட்டியா?"

"கேவுரு களி. நீங்க கால ஊனி நடக்கறீங்களா?"

"வீரனுக்குக் காலுக்கு இன்னா கேடு? அந்தாளு ஒழுங்கா வூட்டுக்கு வர்றானா?"

"எந்த ஆளு?"

"எந்த ஆளோ. ஓநாய அடி."

இப்படி ஐந்து மாதம். சமையல்கட்டு வாசலில் நின்று உன் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அவள் மகளோடு ஃபோனில் தினமும் பேசுகிறவள். எனக்குத்தான் நாகராஜன் தயவு தேவைப்பட்டது.

இந்த மாதம் எட்டாம் தேதி, திங்கட்கிழமை. எலும்பு வீரர்கள் எங்களைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். நான் வாளை வீசிக்கொண்டிருந்தேன். அவள் குரல் ஒரு மாதிரி உடைந்து, "அப்பா, எனக்கு..." என்றாள். இரண்டரை வருடத்தில் முதல் 'அப்பா'. உடனே டிவி கருத்தது. 'புதிய பதிப்பு வந்துவிட்டது, நிறுவினால் மட்டுமே தொடரலாம், அளவு 62 ஜிபி' என்று வந்தது. எனக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பதே ரெண்டு ஜிபி.

'எனக்கு' என்றாளே, அவளுக்கு என்ன? உடம்புக்கு ஏதாவதா? அவன் கை நீட்டினானா? சாப்பாடு இறங்கவில்லை. "ஃபோன் போட்டுக் கேட்டா இன்னா? வாயில கொழுக்கட்டையா வச்சிக்கீறே?" என்றாள் உன் அத்தை. அவளையே கேட்டுச் சொல்லச் சொன்னேன். "நான் கேக்க மாட்டேன். உன் பொண்ணு, நீ கேளு" என்று போய்விட்டாள். ஃபோனை எடுத்துவைத்து எத்தனை நேரம் பார்த்தேன் தெரியுமா, கோகுல்? எதைச் சொல்லி ஆரம்பிப்பது? விளையாட்டில் 'ஓநாய் கீது' என்று ஆரம்பிக்கலாம். ஃபோனில் ஓநாய் இல்லை. 'நான் செய்தது தப்பு' என்றுதான் ஆரம்பிக்கவேண்டும். அந்த வார்த்தை எனக்கு வரவில்லை.

ஆகவே மெஷினைப் போர்வையில் சுற்றி, கைத்தடியோடு பஸ் ஏறி ஆலங்காயம் போனேன். சின்னராசு கடையில் இரண்டு பகல் உட்கார்ந்தேன். அறுபத்திரண்டு ஜிபியும் இறங்கியது. பித்தானை அமுக்கினேன். 'இந்த மெஷின் புதிய பதிப்புக்குத் தகுதியற்றது' என்று வந்தது. "பழசு ஓடாதுங்க, புது மெஷின்தான் வாங்கணும். இறக்கறதுக்கு மின்னாடியே சொல்லியிருக்கலாம் அவுங்க" என்று சின்னராசு எனக்காக வருத்தப்பட்டான். நான் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு மலையேறி வந்தேன். பஸ்ஸில் ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேனா என்று விசாரித்தார்.

கொல்லன் தரையில் புதைந்து கிடக்கட்டும், குதிரை கூரையிலேயே குடித்தனம் நடத்தட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டை வீடானாலும் அதற்குள் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். குடியிருக்கிறவனைக் கேட்காமல் இடித்துவிட்டு, புது வீட்டுக்கு நீ லாயக்கில்லை என்று சொல்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. உங்கள் கம்பெனியில் சொல்லி, பழைய பதிப்பை ஒரே ஒரு மத்தியானம், மூன்றிலிருந்து ஐந்துவரை, திறந்துவிடச் சொல். அவள் மீதியைச் சொல்லி முடிக்கவேண்டும். அதற்கப்புறம் நீங்கள் நாகராஜனைப் புதைத்தாலும் சரி, எரித்தாலும் சரி.

அக்காவுக்கு என் நமஸ்காரம். நீ நோய் நொடி இல்லாமல், நல்ல பெண் கிடைத்து, வேறு நல்ல வேலையும் கிடைத்து நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் மாமன்
முனிசாமி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி உன் அத்தையிடம் கொடுத்தேன். அவள் உறையைப் பிரித்து, அபிநயாவுக்கு ஃபோன் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டு, ஃபோனை என் காதில் வைத்து அழுத்தினாள். அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத சத்தம்.

"அன்னிக்கு இன்னாமா சொல்ல வந்தே?" என்றேன்.

"எனக்குப் பத்து அம்பு குடுங்கன்னு கேக்க வந்தேன்."

"மருத்துவச்சிக்கு எதுக்கு அம்பு?"

"அத்தினி பேரு சுத்திக்கினாங்களே, மூலிகையாலயா அடிக்கறது?"

பதினோரு நாள் சோறு இறங்காமல் கிடந்தது பத்து அம்புக்காக. "அதுக்கு மின்னாடி இன்னாமோ கூப்ட்டியே" என்றேன். சிக்னல் போய்விட்டதோ என்று ஃபோனோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.

"கூப்ட்டேன்" என்றாள். "பயத்துல வந்துடுச்சி. அப்புறம் நீங்க கூப்டுவீங்கன்னு நானும் பாத்துக்கினே இருந்தேன்."

மேலே எழுதியிருப்பதை உன் கம்பெனியில் யாருக்கும் காட்டாதே. எதையும் திறந்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறார்கள். பூவரசனோடு என்ன பேசுவது என்றுதான் விளங்கவில்லை. அவன் எந்த விளையாட்டும் ஆட மாட்டானாம்.