நெல்லுக்கு வாங்கிய ஏசி

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எதையும் விடத் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வியாதியாகத்தான் சொல்கிறேன். அப்பா குத்தகைக்கு உழுத இரண்டு மா நிலத்துக்காக (ஏக்கர் கணக்கில் முக்கால்கூட வராது) இருபத்தோரு வருஷம் வழக்கு நடத்தினார். அதற்குள் ஆட்சி பல முறை மாறியது. ஒவ்வொரு ஆட்சிக்கும் தாசில்தார்கள் மாறினார்கள். அப்பாவின் மஞ்சள் பையும் அதற்குள் இருந்த மனுக்களும் மட்டும் மாறவே இல்லை. கடைசியில் பட்டா அவர் பெயருக்கு வந்தது.

அந்த இரத்தம் எனக்குள்ளும் ஓடுகிறது. ஆனால் நான் பிடித்த பிடிவாதம் நிலத்துக்காக அல்ல, ஒரு பழைய ஏசிக்காக.

தஞ்சாவூரில் வீடு கட்டிக் குடிவந்த வருஷம் அதை வாங்கினோம். எங்கள் சொந்தத்திலேயே முதல் ஏசி. ஊரிலிருந்து வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் நேரே அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஏழாவது வருஷம் அதற்குக் காய்ச்சல் கண்டது. முதலில் கேஸ் ஒழுகியது. அப்புறம் விசிறி மோட்டார். அப்புறம் உள்ளே இருக்கும் போர்டு. இப்படியே நாலு வருஷம். ஒவ்வொரு முறையும் ஜாபர் பாய் வந்தார். வளைகுடாவில் பதினைந்து வருஷம் ஏசி மட்டுமே பார்த்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டிருந்த மனிதர்.

"டீச்சர், சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. வயசு பத்தைத் தாண்டிருச்சு. சின்னச் சாமான் போனா மாத்திக்கலாம், தப்பில்ல. ஆனா ஒரு ரிப்பேருக்கு ஆகுற செலவு புதுசு விலையில பாதியைத் தொட்டுச்சுன்னா அதோட விட்ரணும்."

"கம்ப்ரசர் நல்லாத்தானே பாய் இருக்கு?"

"இன்னிக்கு இருக்கு."

"அப்ப ரிப்பேர் பண்ணுங்க."

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னச் செலவுதான். கூட்டிப் பார்த்திருந்தால் எப்போதோ புதுசு வாங்கியிருக்கலாம் என்று தெரிந்திருக்கும். நான் கூட்டிப் பார்க்கவே இல்லை. (நான் கணக்கு டீச்சர் இல்லை, இயற்பியல் டீச்சர்.)

அந்த வருஷம்தான், பட்டா வந்த பிறகு அப்பா முதல் குறுவை போட்டார். அதுவரை அவர் அறுத்த நெல்லெல்லாம் அரசுக் கொள்முதல் நிலையத்தில் வேறு யார் பெயரிலாவதுதான் ஏறும். மூட்டையைச் சுமந்துகொண்டு போய் இறக்கிவிட்டு, இவர் ஓரமாக நிற்பார். ரசீதில் பெயர் வரவேண்டுமானால் அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்கில், பெயர் இருக்க வேண்டும். இந்தத் தடவை இருந்தது. நாலு தடவை எனக்குப் போன் பண்ணி, "பாப்பா, எம்பேரைச் சொல்லிக் கூப்புடுவாங்களாம்" என்றார்.

மழை எங்கே விட்டது? அறுத்த அன்றே பிடித்துக்கொண்டது. நிலையத்தில் ஈரம் பார்க்கும் கருவி இருபது சதவீதம் காட்டியது. பதினேழுக்கு மேல் போனால் வாங்கக் கூடாது என்பது சட்டம். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனுஷர். "பெரியவரே, மூணு நாள்ல இங்க கொள்முதலை முடிக்கிறாங்க. அதுக்குள்ள காயவெச்சுக் கொண்டாந்தா போட்டுக்கறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

தனியார் வியாபாரியிடம் போட்டால் குறைத்தாவது பணம் வரும். பெயர் வராது. போனில் அப்பா சொன்னது ஒரே வரிதான்: "பாப்பா, நெல்லு திரும்பி வந்துருச்சு." அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

"நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டு வாப்பா. நான் காயவெச்சுத் தர்றேன்."

சரக்கு ஆட்டோவில் பதினெட்டு மூட்டை வந்து இறங்கியது. எங்கள் மொட்டைமாடியில் பாதிக்குத் தகரக் கொட்டகை உண்டு. ஏசியின் வெளிப்பெட்டி அதற்கடியில்தான் இருந்தது. ஏசி ஓடினால் அதிலிருந்து அனல் காற்று வீசும் என்பது உலகத்துக்கே தெரியும். அதைச் சும்மா வானத்துக்கு அனுப்புவானேன்? அதன் முன்னால் நெல்லைப் பரப்பிச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டி அடைத்துவிட்டால் சூடு வெளியே போகாது, நெல் காய்ந்துவிடும். என் அறிவை நினைத்து எனக்கே புல்லரித்தது.

"பாயை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?" என்றார் என் கணவர்.

"பாய்க்குப் பொட்டிதான் தெரியும். எனக்குத் தத்துவமே தெரியும்" என்றேன். (இதைச் சொன்னது நானேதான். மறைக்க விரும்பவில்லை.)

தார்ப்பாயைக் காற்றுப் புகாமல் இழுத்துக் கட்டினோம். கீழே யாருமில்லாத அறையில் ஏசியைப் பதினாறில் வைத்தேன். அரை மணி நேரத்தில் உள்ளே சூளை போல ஆகிவிட்டது. அப்பா தார்ப்பாயை விலக்கிக் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "படிச்ச படிப்பு வீணாப் போவல" என்றார். என் வாழ்நாளில் அவரிடமிருந்து கிடைத்த முதல் சான்றிதழ். அது இருபது நிமிஷம்தான் செல்லுபடியானது. முதலில் உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அடுத்து கருகல் நாற்றம். அப்புறம் டமார் என்று ஒரு சத்தம், வீட்டில் மின்சாரம் போய்விட்டது.

ஜாபர் பாய் வந்து தார்ப்பாயைத் தூக்கினார்.

"டீச்சர், இது உள்ள இருக்குற சூட்ட வெளிய தள்ளுறதுக்குத்தான் மாடியில ஒக்காந்திருக்கு. அதுக்குப் போய்ப் போர்வை போத்திருக்கீங்க."

தகடுகளுக்கு நடுவிலிருந்து கைப்பிடி அளவு தூசும் பதரும் சுரண்டி எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். "கம்ப்ரசர் எரிஞ்சு போச்சு."

அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? "கம்ப்ரசர மட்டும் மாத்தினா எவ்வளவு ஆகும் பாய்?" என்று கேட்டேன். அவர் சொன்ன தொகை புது ஏசி விலையில் பாதியைத் தாண்டியிருந்தது. நான் மேலும் வாதாடுவதற்குள் அப்பா குறுக்கே வந்தார். இருபத்தோரு வருஷம் எதையும் விடாத மனிதர் சொன்னார்:

"நெலத்தத்தான் விடக்கூடாது பாப்பா. பொட்டியெல்லாம் விடலாம்."

எதற்காக இந்தக் கூத்து என்று பாய் அப்புறம்தான் விசாரித்தார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நெல்ல ரூமுக்குள்ள பரப்பி ஏசியப் போட்டிருந்தா காஞ்சிருக்குமே டீச்சர்! குழாய்ல சொட்டுதே தண்ணி, அது எங்கேருந்து வருது? ரூம் காத்துல இருக்குற ஈரந்தானே?"

குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நீராகப் படியும் என்பதை வருஷா வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் படம் போட்டு நடத்தியவள் நான். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொட்டகை போட்ட மாடி, பிளக்கவில்லை.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனோம். "ரூம்ல எத்தனை பேர் படுப்பீங்க சார்?" என்று கடைக்காரர் கேட்டார். எந்த அளவு பெட்டி கொடுப்பது என்று பார்க்கத்தான்.

"பதினெட்டு மூட்டை" என்றார் என் கணவர். அந்த ஆள் இருப்பதிலேயே பெரிய பெட்டியைக் காட்டினார்.

மறுநாள் காலையில் பாயே வந்து மாட்டிக் கொடுத்தார். கட்டிலையும் பீரோவையும் கூடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு அறை முழுக்க நெல்லைப் பரப்பினோம். நாங்கள் வெளியே வியர்த்து ஊற்றிக்கொண்டு கிடக்க, நெல் குளுகுளுவென்று படுத்திருந்தது. அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பல் தந்தியடிக்க உள்ளே போய் மணிக்கொரு தரம் காலால் கிளறிவிட்டு வருவார். வந்ததும் கொல்லைக்குப் போய், ஏசிக் குழாய்க்கு அடியில் வைத்த வாளி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பார். ஒரு வாளி நிரம்பியதும், "எம்மாந் தண்ணி குடிச்சிருக்கு பாரு!" என்று நெல்லைத் திட்டினார்.

மூன்றாம் நாள் கருவி பதினாறரை காட்டியது.

மூட்டைகள் எடை ஏறின. எழுத்தர் ரசீதைப் பார்த்து, "சி. மாணிக்கம்!" என்று உரக்கக் கூப்பிட்டார். அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார். அந்த இடத்தில் அவரை யாரும் அப்படி முழுசாகக் கூப்பிட்டதே இல்லை. தனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் நிற்கிறார் என்று நினைத்துவிட்டார். "மாமா, நீங்கதான்" என்று என் கணவர் முதுகைத் தொட்டுத் தள்ளினார். அப்பா மேஜைக்குப் போய், பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். நாலாவது எழுத்திலேயே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. எனக்கும்தான்.

எழுத்தர் ரசீதைக் கொஞ்சம் தள்ளி நகர்த்தி வைத்துக்கொண்டு சொன்னார்: "பெரியவரே, அழுதுறாதீங்க. பதினேழத் தாண்டுனா நான் வாங்க முடியாது."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் நிம்மதியாக அழ முடிவதில்லை. கல்யாணத்தில் பெண்ணை அனுப்பும்போது, வெளிநாடு போகிறவனை வழியனுப்பும்போது, யார் கண் கலங்கினாலும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் "பதினேழு, பதினேழு!" என்று கிளம்பும், அழுகிறவர் சிரித்துவிடுவார். போன வருஷம் பள்ளியில் எனக்குப் பணி நிறைவு விழா. பேச எழுந்தேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்ததும் கண் நிறைந்து வழிய, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். கடைசி வரிசையிலிருந்து ஜாபர் பாய் எழுந்து நின்று கத்தினார்:

"டீச்சர், பதினெட்டு ஆயிருச்சு!"