சேறு படாத சவாரி

இருபத்துநாலாவது வரியை எழுதியது நீங்கள்தான். இல்லையென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பேனாகூட என்னுடையது, இன்னும் திரும்பி வரவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே, மூடிப்போன கல்குவாரிக்குப் பின்னால் ஆறு கிலோமீட்டர் மண்பாதை இருக்கிறது. மேடு, பள்ளம், மணல், நடுவில் முழங்கால் ஆழச் சேறு. அதில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பக்கி வண்டி ஓட்டுவது என் தொழில். பக்கி வண்டி என்றால் கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. இரும்புக் குழாய், நாலு பெருஞ்சக்கரம், ரெண்டு சீட்டு. காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்கி, தொண்டை வறளப் பேரம் பேசி, நானும் என் மச்சினனும் கையால் கட்டிய வண்டிகள் நாலு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. மிச்சப் படிப்பெல்லாம் பேரத்தில்தான்.

வருகிறவர்களிடம் கவுன்டரில் என் மனைவி சொல்வது இவ்வளவுதான்: "பழைய துணி போட்டுக்குங்க. மூடின ஷூ. கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்கு ஒரு துணி. மாத்திக்க ஒரு செட்டு கொண்டாங்க. போனைப் பிளாஸ்டிக் பையில போடுங்க." பத்து வருஷமாக இது போதுமாக இருந்தது. பல் விழுந்ததில்லை, எலும்பு உடைந்ததில்லை. சேறு பட்டது, சிரித்துக்கொண்டே போனார்கள்.

பிறகு அனுமதி கொடுக்கிற அதிகாரியாக நீங்கள் வந்தீர்கள், 'கரடுமுரடுப் பாதைச் சவாரியாளர் உடை மற்றும் உடைமை ஒழுங்குமுறை' என்ற தாளோடு. கையுறை, ரெண்டு தண்ணி பாட்டில் என்று பயணி மாட்டவும் கொண்டுவரவும் வேண்டியது அதில் பதினாலு வரி இருந்தது. கையெழுத்துப் போட்டால் பாதைக்கு அனுமதி, போடாவிட்டால் பாதை அரசுக்கு. நான் என் பிறவிக் குணத்தைக் காட்டினேன்.

"பதினாலு ஜாஸ்தி சார். ஏழுல முடிச்சுக்கலாம்."

"குறைக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க," என்றீர்கள். "கூட்டத்தான் இருக்கு."

அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். பேரம் பேசிப் பழகின வாய் எங்கே மூடும்?

"ரெண்டு தண்ணி பாட்டில் எதுக்கு சார்? குலுங்கிச் சிந்தும்."

"சிந்துமா? அப்ப ரெண்டுக்கும் மெத்தை வச்ச உறை. பதினஞ்சு."

"உறை போட்டா கையுறையோட திறக்க வராது."

"திறந்து குடுக்க ஒரு உதவியாளர். பதினாறு."

"ரெண்டு சீட்டு வண்டி சார். ஓட்டுறவன் ஒருத்தன், பயணி ஒருத்தர். உதவியாளர் எங்க உட்காருவார், என் தலையிலயா?"

"நியாயமான கேள்வி. உதவியாளருக்குப் பின்னாடி வர ஒரு வண்டி. பதினேழு."

கவுன்டருக்குள்ளிருந்து என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பேசாம இருங்க. நீங்க பேசப் பேசத்தான் ஏறுது."

அரைமணி நேரத்தில் இருபத்துமூன்று. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. "இத்தனையையும் மாட்டிக்கிட்டுப் போனாலும் சேறு படத்தான் சார் செய்யும்" என்றேன். புதையல் கிடைத்தவர் மாதிரி நிமிர்ந்து பார்த்தீர்கள். எழுதினீர்கள்: 'சவாரி முடித்துத் திரும்பும் பயணியின் உடையிலோ உடைமையிலோ சேறு, மண், தூசி ஆகியவற்றின் சுவடு காணப்படலாகாது.'

முதல் சவாரிக்கு வந்தவர் ஒரு வங்கி மேலாளர், லீவில் இருந்தார், ஆசையாக வந்தார். உடுத்தி முடிக்க ஒரு மணி பத்து நிமிஷம். முடித்தபின் முழங்கால் மடங்கவில்லை.

"மாமா," என்றான் மச்சினன், "இவரை உட்கார வைக்கவா, சாத்தி வைக்கவா?"

சாத்தித்தான் வைத்தோம். பின்னால் உதவியாளர் வண்டி, பாட்டிலோடு. இருநூறு மீட்டர் போய்த் திரும்பினார்கள். நீங்கள் பூதக்கண்ணாடியோடு அவரைச் சுற்றி வந்து, இடது மணிக்கட்டில் கடுகளவு சேறு கண்டுபிடித்தீர்கள். அனுமதி நிறுத்திவைப்பு. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சுத்தமான சவாரி காட்டாவிட்டால் பாதை போச்சு.

வியாழன் முழுக்க மச்சினன் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தான். "மாமா, சேத்துக்குப் போறதாலதானே சேறு படுது?"

"ஆமா, பெரிய கண்டுபிடிப்பு."

"போகாம இருந்தா?"

கொட்டகைக்குள் வண்டியைத் தூக்கி நாலு மரக்கட்டை மேல் நிறுத்தினான். எஞ்சினை முடுக்கினால் நாலு சக்கரமும் காற்றில் சுற்றின. மறுநாள் அதே மேலாளர், அதே இருபத்துமூன்று உருப்படி.

"எவ்வளவு தூரம்?" என்றீர்கள்.

"மீட்டரைப் பாருங்க சார். ஆறு கிலோமீட்டர்."

"வண்டி ஓடிச்சா?"

"எஞ்சின் ஓடிச்சு. சக்கரம் ஓடிச்சு."

"பயணி என்ன சொல்றார்?"

"குலுக்கலே இல்லீங்க," என்றார் மேலாளர். "போட்டோவும் ஆடாம வந்திருக்கு."

'சவாரி செவ்வனே நடைபெற்றது' என்று எழுதி முத்திரை குத்தினீர்கள்.

சரி, ஒரு நாள் கூத்து, திங்கட்கிழமை பேசிப் பார்த்துப் பாதைக்குப் போகலாம் என்றிருந்தேன். திங்கட்கிழமை கொட்டகை வாசலில் வரிசை நின்றது. மேலாளரின் போட்டோவை ஊரே பார்த்திருந்தது. எல்லோருக்கும் கட்டை மேல் நிற்கிற வண்டிதான் வேண்டும். ஒரே குறை, போட்டோவில் சேறு இல்லை. அதற்கும் வழி பிறந்தது. பக்கத்துத் தையற்காரர் சேறு தெறித்த மாதிரியே அச்சடித்த ஜாக்கெட் தைத்தார். அசல் சேறு இல்லை என்பதால் இருபத்துநாலாவது வரிக்கு அது பொருந்தாது என்று நீங்களே கடிதம் கொடுத்தீர்கள்.

ஒரு அம்மா என் மனைவியிடம் கேட்டார்: "இந்த வருஷம் செம்மண் போடுறாங்களா, களிமண்ணா?"

"களிமண்தாங்க," என்றாள் என் மனைவி, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "தலைக்கும் சேர்த்துக் கிடைக்குது."

நீங்களும் ஒன்று தைத்துக்கொண்டீர்கள், தோளில் ரெண்டு சொட்டு மட்டும், பதவிக்கு ஏற்ற மாதிரி. விபத்தில்லாச் சவாரிக்கு விருது வந்தது. மேடையேறி நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன்.

போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. 'மேற்படி பாதையில் கடந்த நான்கு மாதங்களாக வண்டி எதுவும் செல்லாதது தெரியவருவதால், அப்பாதை தேவையற்றதெனக் கருதப்பட்டு, இம்மாத முடிவில் கையகப்படுத்தப்படும்.'

மனு எழுதிக்கொண்டு ஓடினேன். நாலு மாதத்தில் ஏறி இறங்கியவர்கள் ஆயிரம் பேருக்கு மேல். மேலாளரிடம்தான் முதலில் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று கை குலுக்கினார்.

"பாதையைக் காப்பாத்தணும். ஒரு கையெழுத்து."

"பாதையா?" என்றார். "அங்க பாதை வேற இருக்கா?"

"நீங்களே இருநூறு மீட்டர் போனீங்களே சார்."

"ஓ, அந்த இடமா," என்றார், மூக்கைச் சுளித்துக்கொண்டு. "அங்க சேறா இருக்குமே."

மற்றவர்களும் அப்படித்தான். ஒரு பையன் என் ஜாக்கெட்டைக் காட்டி, "அண்ணே, இது எந்தக் கடை? அச்சு அசலா இருக்கு" என்றான். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பாதைக்காகக் கையெழுத்துக் கேட்டு ஊரெல்லாம் அலைந்த நான் போட்டிருந்தது களிமண் ஜாக்கெட்.

ஆக, மனுவில் இருப்பது மூன்று கையெழுத்து. நான், என் மனைவி, மச்சினன். ஏழு வரியாக்குங்கள், பத்து வரியாக்குங்கள் என்று இதில் நான் பேரம் பேச வரவில்லை. நாங்கள் முட்டாளானது எங்களோடு போகட்டும். மாசம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. வந்து உட்காருங்கள். நீங்கள் எழுதிய அந்த வரியை உங்கள் கையாலேயே அடியுங்கள். பக்கத்தில் தேதி போடுங்கள். பாதையைத் திருப்பிக் கொடுங்கள்.