முடிச்சூர் கயிறு சார்

தாம்பரம் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சல்லடை போட்டுத் தேடினாலும் கயிறு சாரைப் போல ஒரு மனிதர் கிடைக்கமாட்டார். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று அவர் சொன்னால்கூட, வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவோம். கயிறு திரிப்பதில் அப்படி ஒரு கைராசி. பெயர் வந்ததும் அதனால்தான். சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் இருக்கலாம். அப்படிப்பட்டவர் குடியிருப்பது முடிச்சூரில் என்பது யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல.

வண்டலூர் வெள்ளைப்புலி இவர் போய்க் குரல் கொடுத்தால்தான் சாப்பிடும். மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானத்துக்குச் சக்கரம் வெளியே வரவில்லை என்று மொட்டை மாடியிலிருந்து துண்டை ஆட்டிக் காட்டியவரும் இவர்தான். பைலட் நன்றிக்கு இறக்கையை அசைத்துவிட்டுப் போனாராம். எந்த வருஷம் என்று கேட்டால், கண் இமைக்காமல் "மழைக்கு முந்தின வருஷம்" என்பார். எந்த மழை என்று கேட்கும் தைரியம் எங்களுக்கு வந்ததில்லை.

போன வருஷம் எங்கள் காலை நேர பேட்மின்டன் கோஷ்டிக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ஆரம்பித்து வைத்தவர் டைல்ஸ் கடை ரபீக். மலை ஓடைப் பள்ளத்துக்குள் நுழைந்து, ஒவ்வொரு அருவியாகக் கயிற்றில் தொங்கி இறங்கிக்கொண்டே போவதை வீடியோவில் பார்த்துவிட்டார். ஆந்திர எல்லையில் இடமும் பார்த்தாயிற்று. பழைய கல்குவாரி ஒன்றில் எங்களுக்கு இறங்கக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் எல்லாம் தருவதாகச் சொன்னார், கயிற்றைத் தவிர. "தொங்கப்போறவங்கதான் அதைப் பார்த்து வாங்கணும்" என்றார்.

டீக்கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது கயிறு சார் உள்ளே புகுந்தார். ஐஸ்லாந்தில் அவர் இறங்காத அருவியே கிடையாதாம். ரபீக் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அப்போ கயிறு வாங்குற வேலை உங்களுது சார். பேர்லயே கீதே."

எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பாறை வழவழப்பா சொரசொரப்பா, கயிற்றின் மேலேயே தண்ணீர் விழுமா, கனமான ஆள் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அப்புறம் நடந்ததை முடிச்சூரே வேடிக்கை பார்த்தது. எங்கெங்கிருந்தோ துண்டு துண்டாக மாதிரிக் கயிறுகள் வரவழைத்தார். மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து அவற்றை இழு இழு என்று இழுத்துத் தேய்த்தார். கட்டடத்தை அறுக்கிறார் என்று வீட்டுக்காரர் ஓடி வந்தார். படிக்கட்டு நடுவே தண்ணீர் கேன்களைக் கட்டித் தொங்கவிட்டு, எந்தக் கயிறு எவ்வளவு நீளுகிறது என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். ஒரு கயிறு ரப்பர் மாதிரி நீண்டு, கேன் முதல் மாடி வீட்டுக் கதவைத் தட்டியது. கதவைத் திறந்த அம்மா "காசு மாமாகிட்ட வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கேனை உள்ளே இழுக்கப் பார்த்தார்.

பிறகு எல்லாவற்றையும் வாளியில் ஊறப்போட்டு, காய்கறி வண்டி அக்காவின் தராசில் கொண்டுபோய் வைத்தார்.

"இன்னா சார், கயித்துல கூட்டு வைக்கப் போறியா?"

"எவ்ளோ தண்ணி குடிக்குதுன்னு பாக்குறேன்க்கா."

"எங்க வூட்டுக்காரரும்தான் குடிக்கிறாரு. அவரையும் ஒரு தபா எடை போட்டுப் பாரேன்."

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. எங்களைக் கலக்கியது வேறு. எந்தக் கயிறு நல்லது என்று கேட்டால், "தெரியல சார், இன்னும் பாக்கணும்" என்றார். அந்த வாயிலிருந்து 'தெரியல' என்ற சொல் வந்து நாங்கள் கேட்டதே இல்லை. உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா என்று ரபீக்குக்கே கவலை.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முழு நீளம் வாங்கினார். பால்கனியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எங்காவது உள்ளே தொளதொளவென்று இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடுமாம். மேல் உறை தடிமன், நீட்சி குறைவு, தண்ணீரையும் அதிகம் குடிக்காது. தண்ணீருக்குள் இருந்தாலும் கண்ணில் படட்டும் என்று பளிச்சென்ற ஆரஞ்சு நிறம்.

அதற்குள் ரபீக் ஒரு நண்பரிடமிருந்து பாறை ஏறும் கயிறு ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். மெல்லியது, பார்க்க அழகு. தான் அதில்தான் இறங்குவேன் என்று நின்றார்.

"அது மேல ஏறுறவன் விழுந்தா தாங்குறதுக்கு ரபீக். நீளும். நீங்க இறங்க இறங்க மேலயும் கீழயும் ஆடி, பாறை விளிம்புல தேஞ்சுடும்."

"வெள்ளப்புலிக்கு சோறு ஊட்டுனேன்னு சொன்ன ஆள் சார் நீங்க. இத மட்டும் எப்டி நம்புறது?"

சார் ஆரஞ்சுக் கயிற்றைத் தூக்கிக் காட்டினார்.

"அதெல்லாம் நான் வாயால விடுறது ரபீக். இதுல நீங்க தொங்கப்போறீங்க."

மலைக்கு இரண்டு கயிறும் போயின. சாரும் வந்தார். அருவித் தலையில் நின்று அவரைத்தான் முதலில் இறங்கச் சொன்னேன். இரண்டு எட்டு பின்வாங்கினார். என் காதோடு சொன்னார்: "மொட்டை மாடில நின்னு கீழ பாத்தாலே எனக்குத் தலை சுத்தும் சார். ஐஸ்லாந்தை நான் மேப்லதான் பாத்திருக்கேன்."

ஆனால் வேலையில் தயக்கமில்லை. பாறை விளிம்பில் ஈரக்கோணியை மடித்து வைத்து, அதன் மேல் ஆரஞ்சுக் கயிற்றைப் படுக்கவைத்தார். ரபீக்கின் கயிற்றைக் காட்டி, "இதுல முதல்ல பையை இறக்குங்க. விழுந்தாலும் பை அழாது" என்றார். பைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். கடைசிப் பை கீழே போனபோது, விளிம்பில் உரசிய இடத்தில் மேல் உறை பிரிந்து, உள்ளே இருந்த வெள்ளை நூல்கள் வேட்டி அவிழ்ந்த மாதிரி வெளியே வந்து நின்றன.

ரபீக் அதைத் தொட்டுப் பார்த்தார். ஆரஞ்சுக் கயிற்றில் தன்னை மாட்டிக்கொண்டார்.

பாதி தூரம் போனதும் அருவிச் சத்தத்துக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"சார், கீறீங்களா?"

"இருக்கேன் ரபீக். கண்ணு கயித்து மேலதான்."

"எதுனா பேசிக்கினே இருங்க சார்."

சார் விளிம்பிலிருந்து தள்ளிக் குப்புறப் படுத்துக்கொண்டு, கண்ணைக் கோணியிலிருந்து எடுக்காமல், வெள்ளைப்புலிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். ரபீக் தரையைத் தொடும்வரை புலி சாப்பிட்டு முடிக்கவில்லை.

மறுநாள் காலை காய்கறி வண்டியில் அக்கா விசாரித்தாள். "இன்னா சார், எறங்குனியா?"

"நான்தான்க்கா ஃபர்ஸ்ட்டு. பாதி வழியில ரபீக்குக்கு மயக்கம் வந்துடுச்சு. தோள்ல போட்டுக்கிட்டு இறங்கினேன்."

அக்கா சிரிக்கத் தயாராகி ரபீக்கைப் பார்த்தாள். அவர் குனிந்து தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா," என்றார். "அந்தத் தோள் இல்லன்னா நான் இன்னிக்குத் தக்காளி வாங்க வந்திருக்க மாட்டேன்."

கயிறு சார் ஒரு முருங்கைக்காயை எடுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.