மாத்திரைக்கும் விசில் கேட்ட டிரைவர்

எங்கள் தெருவில் டிரைவர் என்றால் அவர் ஒருவர்தான். மற்றபடி இந்த உலகத்தில் பஸ், லாரி, ரயில், ஆகாய விமானம் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அவர் கணக்கில் சும்மா உட்கார்ந்து போகிறவர்கள். சேத்தூரில் எடுத்து, இராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டுபோய் விடுகிற பஸ்ஸை ரிட்டயர் ஆகும்வரை ஓட்டியவர். "என் சர்வீஸ்ல ஒரு தடவகூட சடன் பிரேக் அடிச்சதில்ல" என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார். துக்க வீட்டிலும் சொல்லியிருக்கிறார்.

அவர் ரிட்டயர் ஆன விஷயம் பஸ்ஸுக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியாது. தெரு முக்கில் நடந்து திரும்பினாலும் கையை நீட்டிவிட்டுத்தான் திரும்புவார். நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு கோடையில் அவர் விலாவில் அக்கி வந்தது. மண்பானை செய்கிற வேளார் வீட்டில் காவியைக் குழைத்து, அக்கிக்கு வழக்கமாக எழுதுகிற சிங்கத்தை விலாவில் எழுதினார்கள். சிங்கம் லட்சணமாகத்தான் இருந்தது. கொப்புளம் காய்ந்தது, சிங்கமும் அழிந்தது, எரிச்சல் மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை. சட்டை பட்டால் அலறுவார். ஃபேன் காற்று பட்டாலும் அலறுவார். நான் எதிர்வீட்டுக்காரி, பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்தவள். இருப்பதிலேயே மெத்தென்ற துணியாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மதினி, இது துணியா, முள்வேலியா?" என்றார். அவர் நன்றி சொல்கிற விதம் அது.

அக்கி போனாலும் நரம்பு புண்பட்டிருக்கிறது என்று சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் மாத்திரை எழுதினார். எரிச்சல் அடங்கியது. கூடவே டிரைவரும் அடங்கினார். இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோகிற வழியிலேயே தூங்குவார். சம்சாரம் கோதையக்காவைத் திட்ட ஆரம்பித்துப் பாதியில் குறட்டை விடுவார், மீதித் திட்டு காலையில் வரும். இவ்வளவு நல்ல மருந்தை இத்தனை காலம் கண்டுபிடிக்காமல் என்ன செய்தார்கள் என்று கோதையக்கா என்னிடம் கேட்டதுண்டு.

ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தூக்கம் தள்ளுகிற மருந்து, இதைச் சாப்பிடும்வரை வண்டி தொடக் கூடாது. கோதையக்கா மொபெட் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மொபெட்டுக்குப் பழைய போர்வை போர்த்தியாயிற்று. அப்படியே வருஷங்கள் போயின. ஆண்டாள் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால், தான் ஓட்டின அதே ரூட்டில் டிரைவர் பாசஞ்சராக ஏறினார். அவர் பின்னால் இருந்து தரையை மிதிக்கிற மிதியில், "பெரியவரே, இறங்கணுமா?" என்று கண்டக்டர் கேட்டாராம். கல்யாணமான நாளிலிருந்து அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்ததாகக் கோதையக்கா சொன்னார்.

எரிச்சல் நன்றாகக் குறைந்திருந்த ஒரு நாள், டிரைவர் தானாகவே ஒரு முடிவு எடுத்தார். மாத்திரையை மொத்தமாக நிறுத்திவிட்டு, "ஏட்டி, மருந்து முடிஞ்சு போச்சு. சாவியக் குடு" என்று கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. கொடுக்காதது எங்கள் தெருவுக்கு நல்லது.

அடுத்த நாளே சட்டையைப் பிழிகிற மாதிரி வேர்த்தது. கண் மூட முடியவில்லை. விலா எரிச்சல் பழையபடி வந்து உட்கார்ந்தது. கோதையக்கா கூப்பிட்டு நான் போனபோது, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "மதினி, ரோடே தெரியல" என்றார். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் உண்மையாகவே பயமாகிவிட்டது.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். "இத்தனை வருஷம் சாப்பிட்ட மருந்த இப்படித் திடீர்னு நிறுத்துவாங்களாய்யா? உடம்பு தாங்குமா? என்கிட்ட கேட்டிருந்தா நானே கொஞ்சங் கொஞ்சமா குறைச்சிருப்பேன்ல!" என்றார் டாக்டர்.

கோதையக்கா சும்மா இருப்பாரா? "சடன் பிரேக்கே அடிச்சதில்லன்னு ஊரெல்லாம் சொல்லுவீயளே, இப்ப அடிச்சது என்ன பிரேக்கு?"

டிரைவரின் வலது கால் டாக்டர் ரூம் தரையை அமுக்கியது.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து, பொறுத்துப் பொறுத்துக் குறைப்பது என்று முடிவானது. டிரைவர் அதை ரூட்டாக மாற்றிக்கொண்டார். முழு மருந்து சேத்தூர். அதில் குறைந்தால் இராஜபாளையம். கடைசிச் சின்ன மாத்திரை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முந்தின மடவார்விளாகம். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் மருந்தே இல்லை, சாவி கைக்கு வந்துவிடும். இதுவரை சரி. பிறகுதான் ஒரு குண்டைப் போட்டார்.

"விசில் இல்லாம நான் வண்டிய எடுக்கவும் மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன்."

ஆக, இரட்டை விசில் அடித்தால்தான் குறைப்பார். ஒற்றை விசில் என்றால் இருக்கிற அளவிலேயே நிற்பார். கோதையக்கா அடித்தால் செல்லாது. "நீ பாசஞ்சர்" என்றுவிட்டார். அவரோடு வேலை பார்த்த பழைய கண்டக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். டாக்டர் சொன்னபடி கண்டக்டர் தினமும் சாயங்காலம் போனில் விசில் அடிப்பார், இவர் இங்கே மாத்திரையை விழுங்குவார். படித்தவர்கள் குடியிருக்கிற தெருதான், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இராஜபாளையம் தாண்டி மடவார்விளாகம் வந்த நேரத்தில், கண்டக்டர் இருந்த பல்லையெல்லாம் பிடுங்கிக்கொண்டார். ஊதினால் காற்றுதான் வந்தது. விசிலை ஒரு பையில் போட்டு அனுப்பிவிட்டார். டிரைவர் அதை நேரே என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"மதினி, இனிமே நீங்கதான் கண்டக்டர்."

தெருவில் போகிற பூக்காரியைக் கூப்பிடக்கூட எனக்குச் சத்தம் வராது. "நான் எப்படி… வேற ஆளா இல்ல?" என்றேன்.

"எல்லாரும் மாத்திரைய எப்ப விடுவீய, எப்ப விடுவீயன்னு அவசரப்படுத்துதாங்க. நீங்க ஒருத்தர்தான் என்ன அவசரப்படுத்த மாட்டீய."

அந்தச் சின்ன மாத்திரைதான் பாடாய்ப் படுத்தியது. அடைமழைக் காலத்தில் எரிச்சல் ஏறியது, தூக்கம் போனது. முந்தின அளவுக்கே போய்க் கொஞ்ச நாள் நிற்கச் சொன்னார் டாக்டர். டிரைவர் முகம் சுருங்கிவிட்டது.

"மதினி, வண்டி ரிவர்ஸ் போகுது. ரிவர்ஸுக்கு விசில விடாம அடிக்கணும், தெரியும்லா?"

தெரியாது. ஆனாலும் வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, விடாமல் அடித்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் தெருவே குடத்தோடு நிற்கிறது. தண்ணீர் லாரி வந்துவிட்டதாம். "லாரி இல்ல, எங்க வீட்டுக்காரர் ரிவர்ஸ் எடுக்காவ" என்று கோதையக்கா விளக்கம் சொன்னார். அதன்பின் ஒரு வாரம் நான் தலையை வெளியே காட்டவில்லை. விசிலை மட்டும் சாயங்காலமானால் ஜன்னல் வழியாக அடித்தேன்.

மழை ஓய்ந்தது. எரிச்சல் தணிந்து மறுபடி மடவார்விளாகம் வந்தார். அங்கே வெகுநாள் நின்றார். நான் ஒருநாளும் எப்போது என்று கேட்கவில்லை. கடைசியில், இனி மாத்திரை வேண்டாம், மொபெட்டையும் எடுக்கலாம் என்று டாக்டரே சொன்னார். இப்போதும் மழை வந்தால் விலா லேசாக எரியும். "கரகரன்னு சத்தம் வரும், வண்டி ஓடும்" என்று சொல்லிக்கொள்கிறார்.

போர்வையை எடுத்து மொபெட்டைத் துடைத்த அன்று, கோதையக்கா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். ஆண்டாள் கோயிலுக்கு. வண்டி ஸ்டார்ட் ஆகி உறுமிக்கொண்டே இருக்கிறது, நகரவில்லை.

"போங்களேன், நடை சாத்திருவாக!" என்றார் அக்கா.

"நீ சொல்லி எடுக்க முடியாதுட்டீ" என்றவர், திரும்பி என் வாசலைப் பார்த்தார்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் விசிலை முந்தானையில் துடைத்து, இரண்டு தடவை அடித்தேன். டிரைவர் கையை நீட்டிக் காட்டிவிட்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டியை எடுத்தார்.

திரும்பி வந்து நிற்க ஒற்றை விசில் வேண்டுமே என்று, அவர்கள் போன பிறகும் நான் வாசலிலேயே இருந்தேன்.