மாடியில்லாத மாடி வீடு

கெரெக்வாஷார்,
மிகேல் திருநாள் சந்தைக்கு முந்தின வாரம்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் கெடியோன் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். வீடு மட்டும் நலமில்லை. பெஸ்ட் நகரில் தாங்களும், மந்திரி அலுவலகத்தில் தங்கள் நாற்காலியும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

நம் ஊருக்கு ரயில் வந்ததிலிருந்து மேயருக்குத் தலைகால் புரியவில்லை. சந்தைத் திடலிலிருந்து ஸ்டேஷனுக்கு நேர்த்தெரு வேண்டுமாம். இருக்கிற தெருவெல்லாம் மாடு போட்ட வழியாம். இஞ்சினியர் தோபியாஷ் கயிறு பிடித்தார். கயிறு என் தேன்ரொட்டி அடுப்பு வழியாகப் போயிற்று, இடிக்க வேண்டிய வீடு என்று வாசலில் சிவப்பு முளை அடித்துவிட்டார் மச்சான்! அன்றிலிருந்து கண்ணை மூடினால் கடப்பாரைச் சத்தம். அடுப்பு போனால் நாங்கள் என்ன செய்வோம்? செருப்புத் தைக்கிற மார்ட்டோன்தான் மதுக்கடையில் வழி சொன்னான்: "மாடி வீடு ஊருக்கு அழகுடா. அதைத் தொடமாட்டாங்க."

மாடி கட்ட எனக்கு வக்கேது? முன்சுவரை மட்டும் மேலே எழுப்பினேன். மூன்று சன்னல், லேஸ் திரை, பூந்தொட்டி. பின்னால் இரண்டு முட்டுக்கட்டை, அப்புறம் ஆகாயம். உங்கள் தங்கை ரொசாலி கேட்டாள்: "ஏங்க, மாடி சன்னலத் தொடைக்க நான் புறாவையா கூப்பிடணும்?" ஆனால் எதிர்ப்பக்கம் நின்று பார்த்த இஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "அடடா, நம்ம ஊர்ல இப்படி ஒரு மாடியா!" முளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

சந்தோஷப்பட விட்டதா காற்று? மறுநாளே சுவர் ஆட ஆரம்பித்தது. கீழே வாத்து விற்கிற போர்ச்சா கத்துகிறாள்: "அம்ப்ருஷ் அண்ணே, உங்க மாடி குனிஞ்சு எங்களுக்கு வணக்கம் சொல்லுது!" வாரச்சந்தை நாள் முழுக்கச் சுவரைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தபடி நின்றேன், விழுந்தால் எத்தனை பேர் தலை போகுமோ மச்சான். இறக்கினால் முளை திரும்ப வரும். இறக்காவிட்டால் கொலைப்பழி வரும். வியாழக்கிழமை நகர மன்றம் கூடித் தெருவை முடிவு செய்யப் போகிறது. மந்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லித் தெருவையே நிறுத்திவிடுங்கள். நிறுத்திட்டா அன்னிக்கே சுவரை இறக்கிடுவேன். என் உசுரு உங்க கையிலதான் இருக்கு.

உங்கள் குழந்தைக்கு, அலங்காரத்துக்குச் சின்ன முகக்கண்ணாடி பதித்த சந்தைத் தேன்ரொட்டி அனுப்பியிருக்கிறேன். ஆண்டவர் உங்கள் கூரையையும் அதற்குக் கீழே உள்ளவர்களையும் காப்பாராக.

தங்கள் பணிவுள்ள,
அம்ப்ருஷ்

பி.கு.: மேயர் இப்போதுதான் வந்துவிட்டுப் போனார். பழைய மன்றக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும்வரை, கூட்டமெல்லாம் ஊரிலேயே நல்ல மாடியில் நடக்குமாம். "வியாழக்கிழமை எல்லாரும் உங்க மாடிக்கு வர்றோம், அம்ப்ருஷ். சன்னல்ல நின்னு நான் சந்தைக்குக் கை காட்டணும்" என்று முதுகில் தட்டினார். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். தெருவை நிறுத்த வேண்டாம். நேராகவே வரட்டும், என் அடுப்பு வழியாகவே வரட்டும். புதன்கிழமைக்குள் வந்துவிட்டால் போதும்.