கீழிருந்து மேலே ஒரு கடற்கரைப் பயணம்

எனக்குப் பேச வராது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே வராது. பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்துக்கொண்டு நின்றால்கூட, அவர் இறங்கும் ஊர் வரட்டும் என்று காத்திருப்பேனே தவிர, "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லமாட்டேன். (ஒருமுறை வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் அப்படியே போயிருக்கிறேன்.) வாய் இல்லாதவளுக்குக் கை இருக்கிறதே என்று எல்லாரும் என்னிடம் எழுதுகிற வேலையைக் கொடுத்துவிடுவார்கள். அஞ்சாவது வரைக்கும் படித்தவள், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். அந்த முத்துக்கள்தான் ஒரு நாள் என் நாத்தனாரின் கல்யாணத்தைக் கடலில் தள்ளப் பார்த்தன.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அறுபத்தொன்பதோ எழுபதோ, சரியாக ஞாபகமில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத் தறி. என் வீட்டுக்காரர், மாமியார், நாத்தனார் கமலா, நான். கமலாவை அதற்கு முன்னால் இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் சொல்லியே அனுப்பவில்லை. தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. இன்னொரு தரம் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால், அப்புறம் அவளைக் கேட்டு யாருமே வரமாட்டார்கள் என்று மாமியாருக்கு ஒரே பயம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு வேன் பேசினார்கள். அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு ஒரு நாள் சமுத்திரக் கரையோரமாகச் சுற்றிவிட்டு வரலாம் என்று திட்டம். மாமியார் அதற்குள் இன்னொரு திட்டத்தை நுழைத்தார். ஆரணியில் ஒரு நெசவுக் குடும்பத்துப் பையன். அவனும் அவன் அம்மாவும் திருக்கழுக்குன்றத்தில் குளத்தங்கரை மண்டபத்துக்குக் காலை பத்து மணிக்கு வந்திருப்பார்கள். நாங்களும் தற்செயலாக அங்கே போய் நிற்போம். பெண் தலைவாரிப் பூ வைத்து, கசங்காத புடவையோடு பளிச்சென்று இருப்பாள். அவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் நாங்கள் கடலுக்குப் போவோம். கமலாவுக்கும் தெரியாது, தெருவுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் மாமியாரும், நானும், என் வீட்டுக்காரரும்தான். அவர் முதல் நாளே போய் அங்கே தங்கிவிட்டார்.

நிற்கிற இடங்களை வரிசையாகத் தெருக்காரர்கள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். முதலில் திருக்கழுக்குன்றம், பிறகு சதுரங்கப்பட்டினம் கோட்டை, மகாபலிபுரம், கிளிஞ்சல் பொறுக்கக் கோவளம், கடைசியாகத் திருப்போரூர் முருகன். வீட்டில் வேறு தாள் இல்லை. புடவைக் கரைக்கு டிசைன் போடுகிற கட்டம் போட்ட தாள் ஒன்று இருந்தது, அதில் எழுதினேன்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கரையில் வருகிற மயிலை அந்தத் தாளில் வரைந்து, ஒவ்வொரு வரிசையாகப் படித்துத்தான் தறியில் ஏற்றுவார்கள். மயிலுக்குக் கால்தான் முதலில் நெய்யப்படும், தலை கடைசியில் வரும். அதனால் தாளை அடியிலிருந்துதான் படிக்க வேண்டும். சின்ன வயதில் என் அப்பாவுக்குத் தினமும் நான் அப்படித்தான் படித்துச் சொல்வேன். அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே என் கை தானாக அடிவரிசைக்குப் போய்விடும். அன்றைக்கும் போயிற்று. திருக்கழுக்குன்றம் அடியில், திருப்போரூர் உச்சியில். எழுதி, மடித்து, டிரைவர் கையில் கொடுத்தாயிற்று.

டிரைவர் வாலாஜாபாத்காரர். அவருக்கும் தறிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

செங்கல்பட்டு தாண்டி வேன் ஒரு பக்கம் திரும்பியது. எங்களில் யாருக்கும் வழி தெரியாது. பாட்டும் சிரிப்புமாகப் போய்க்கொண்டிருந்தோம். வேன் நின்றதும் ஊர்ப் பெயர்ப் பலகையைப் படித்தேன். திருப்போரூர்.

மாமியார் காதில் ஓதினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஏண்டிமா, முதல்ல போவ வேண்டிய ஊர அடியிலயா எழுதுவே?"

"அடிதானே அத்தே முதலு?"

"எந்த ஊர்லடி?"

"தறியில."

மாமியார் டிரைவரிடம் போனார். "முதல்ல திருக்கழுக்குன்றம் போவணும்பா, வண்டியத் திருப்பு."

"பேப்பர்ல அது கடைசிமா. இப்படியே சுத்திக்கினு போனா தானா வந்துடும்."

பக்கத்து வீட்டு ராஜம்மா தலையை நீட்டினாள். "ஏன்கா, அங்க இன்னா அவசரம்?"

உண்மையைச் சொல்ல முடியுமா? மாமியார் திணறி, "கழுகு பார்க்கணும். மத்தியானம் வந்து சாதம் சாப்ட்டுட்டுப் போயிடுமாமே" என்றார்.

"கழுகுக்காவ சமுத்திரத்த வுடுவாங்களா? நல்லா இருக்குதே!"

வேனே சிரித்தது. அதற்கப்புறம் வானத்தில் எது பறந்தாலும், "அக்கா, தோ பாரு கழுகு" என்று மாமியாருக்குக் காட்டுவதே எல்லாருக்கும் வேலையாகிவிட்டது. (பாதிக்குமேல் காக்காய்.)

கோவளத்தில் நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது கூடப் பொய். நான் பார்த்ததெல்லாம் கமலாவின் புடவையைத்தான். என் வீட்டுக்காரர் கையால் நெய்த மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்குக் கரை. அவள் ஒரே ஓட்டமாகத் தண்ணீரைப் பார்த்து ஓடினாள்.

"கமலா, தண்ணில எறங்காதே!" என்று மாமியார் கத்தினார்.

"ஏம்மா?"

"சும்மாதாண்டி சொல்றேன்!"

சும்மா சொன்னதை யார் கேட்பார்கள்? முழங்கால் வரை நனைந்தாள். மகாபலிபுரத்தில் காற்று அவள் பின்னலைப் பிரித்துப் பூவைக் கொண்டுபோனது. பாறையில் சறுக்கி விளையாடிப் புடவையில் பின்பக்கம் ஒரு கறுப்புப் பட்டை ஏறியது. நான் முந்தானையால் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடினேன். "விடுங்க அண்ணி, என்னைப் பொண்ணு பார்க்கவா வரப்போறாங்க?" என்றாள். எனக்கு அழுகை முட்டியது. சதுரங்கப்பட்டினத்தில் வேன் மணலில் புதைந்தது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். கமலா சக்கரத்துக்கு நேர் பின்னால் நின்று தள்ளினாள். சக்கரம் சுற்றியது. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

திருக்கழுக்குன்றம் போய்ச் சேரும்போது சாயந்திரம் நாலு மணிக்குமேல் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் நடுரோட்டில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் வேனுக்குள்ளேயே இருந்துவிடலாமா என்று தோன்றியது. மண்டபத்தில் ஆரணிக்காரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம்.

பையனுடைய அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "இஷ்டம் இல்லன்னா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே. காலைலேருந்து உக்காந்துக்கினு இருக்கிறோம்" என்று மெதுவாகச் சொன்னார்.

"வண்டி கெட்டுப்போச்சுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"எது கெட்டுது?" டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வண்டி கெடவே கெடாது சார்!"

போயிற்று. வேனிலிருந்து இறங்கிய தெருவே சுற்றி நின்று பார்க்கிறது. என்ன விஷயம் என்று கமலாவுக்கும் அப்போதுதான் புரிந்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. மாமியார் வேறு வழி தெரியாமல் டிரைவர் மேல் பாய்ந்தார்.

"இவன்தாங்க, ஊர் ஊராச் சுத்த வச்சிட்டான்!"

"நான் இன்னாமா பண்ணேன்? எழுதினத ஓட்டினேன். தோ பாருங்க!" என்று அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

பாவம், ஒரு தப்பும் செய்யாத மனுஷர். பேசாமல் இருந்தால் பழி அவரோடு போகும், கல்யாணமும் போகும். வாயைத் திறந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் நான் பேசியது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

"நான்தாங்க எழுதினேன். கீழேருந்து எழுதிட்டேன்."

அவ்வளவுதான் வந்தது. அதுவும் கொசு பேசினமாதிரி.

மாப்பிள்ளைப் பையன் எழுந்து வந்து தாளை வாங்கினான். கட்டங்களைப் பார்த்தான். அவன் விரல் நேராக அடிவரிசைக்குப் போயிற்று. "திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், மகாபலிபுரம், கோவளம், திருப்போரூர்" என்று படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"சரியாத்தானே எழுதியிருக்காங்க? இதுல இன்னா தப்பு?"

கமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை. கன்னத்தில் ஈரமணல், தலை காக்காய்க் கூடு, புடவையில் கடல், அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பையன் தாளை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அம்மா அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்தார்.

"அடுத்த பஸ் எத்தனை மணிக்குப்பா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

திரும்பி வரும்போது வேனில் கமலா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்திருந்தேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"காலைலேயே போயிருந்தா பொம்மை மாதிரி தலை குனிஞ்சுக்கினு நின்னிருப்பேன் அண்ணி. இவங்களும் சொல்லி அனுப்புறோம்னு போயிருப்பாங்க."

மாமியாரும் என்னைத் திட்டவில்லை. அந்தக் காலத்து மாமியார்களில் எத்தனை பேர் அப்படி இருந்திருப்பார்கள்? மறுநாள் சமையலறையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "இனிமே எது எழுதினாலும் எங்க ஆரம்பம்னு ஒரு குறி போட்டுடுமா." கல்யாணத்தில் அந்த வாலாஜாபாத் டிரைவருக்கு முதல் பந்தியில் இலை போட்டார். அவரும், "மேலேருந்து பரிமாறுவீங்களா, கீழேருந்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை எழுதினாலும் தலைப்பில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போடுவார்கள். மளிகைச் சாமான் லிஸ்டுக்கும் உண்டு, சீர்வரிசை லிஸ்டுக்கும் உண்டு. என் பேரன் பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடத்தில் போட்டுவிட்டு வந்து, "டீச்சர் இது என்னன்னு கேக்கறாங்க பாட்டி" என்று நிற்கிறான். அந்தக் கேள்வி வந்தால் வீட்டில் ஒருவர் இந்தக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

கமலா மட்டும் அம்பை மேல்நோக்கிப் போடுவாள். ஆரணியிலிருந்து எனக்கு வருகிற கடிதத்தில் பிள்ளையார் சுழி அடியில் இருக்கும். பேரன்களின் படிப்பு, மாட்டுக்கு ஜுரம், வீட்டுக்காரருடைய முட்டிவலி என்று ஒவ்வொரு வரியாக நான் மேலே ஏறிப் படித்துக்கொண்டு போக வேண்டும். ஏறி முடித்தால் உச்சியில், எல்லாரும் தேதி போடுகிற இடத்தில், எந்தக் கடிதத்திலும் அதே வரிதான்: "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கிறேன் அண்ணி."