சார்ஜனுக்குத் தனிமை பழக்கிய வரலாறு

நாட்டில் பல காரியங்களுக்குக் கொள்கை கிடையாது. எங்கள் தொடர்மாடியில் அமைதிக்குக் கொள்கை உண்டு. கண்டியிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் பாதையில், ஒரு வளைவு தாண்டிக் காட்டோரமாக நிற்கிறதே, அந்தக் கட்டடம்தான். கீழ் வாசலில், ‘லிஃப்ட் தற்காலிகமாக இயங்காது’ என்ற அறிவித்தலுக்குப் பக்கத்தில், அமைதிக் கொள்கை கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. இரண்டுக்கும் ஒரே ஆள்தான் சட்டம் அடித்திருக்கிறார். தற்காலிகத்துக்குப் போட்ட சட்டத்தில் இப்போது கறையான்.

அங்கே நாங்கள் குடிவந்தோம். நான், என் வீட்டுக்காரர் சந்திரகுமார், இன்னும் கழுத்து நிற்காத எங்கள் மகள், பிறகு சார்ஜன்.

சார்ஜன் நாய். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டு வரிசை வீடொன்றில், பிறந்தவன். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் அந்தப் பக்கம் நாலு பேர் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் இடம் அது. தனிமை என்ற வசதி, குழாய்த் தண்ணீரைப் போலவே, அங்கே இன்னும் வந்து சேரவில்லை. என் மாமா கறுப்பையாதான் அவனைக் கயிற்றோடு கொண்டுவந்து என் கையில் தந்தார்.

“இவன் இருந்தா ஒண்ணும் உள்ள வராது ஆயி. நீ பயப்படாம புள்ளயப் பாரு.”

பயப்படுவதற்கு எங்கள் வீட்டில் பின்பக்கம் ஒரு பல்கனி இருந்தது. அதன் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஒரு பலாமரம். மரத்துக்குப் பின்னால் காடு. சந்திரகுமார் பேராதனைக்கு வேலைக்குப் போய்ச் சற்று நேரத்தில் காட்டிலிருந்து குரங்குக் கூட்டம் இறங்கும். சார்ஜன் குரைப்பான். அவை போய்விடும். நான் பிள்ளையைக் குளிப்பாட்டுவேன். இந்த ஏற்பாட்டில் எந்தச் சபையும் சம்பந்தப்படவில்லை. அதனாலேயே அது ஒழுங்காக நடந்தது.

அப்படி இருக்கும்போதுதான் குடியிருப்பாளர் சபையின் செயலாளர் திரு. இராமகிருஷ்ணன் கதவைத் தட்டினார். அவர் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற செய்தியை அவருக்கு யாரும் எழுத்தில் அறிவிக்கவில்லை போலும். கழுத்துப் பட்டி கட்டி, கையில் கோப்போடு வந்திருந்தார். நான் கதவைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

“வீட்டில யாரும் இல்லியா?”

“நான் இருக்கேனே, சேர்.”

“அது தெரியுது. யாரும் இல்லியான்னு கேட்டேன்.”

“அவர் வேலைக்குப் போயிருக்கார்.”

“அப்பச் சரி.” கோப்பைத் திறந்தார். “பதிவின்படி பிரதான குடியிருப்பாளர் சந்திரகுமார். அவர் வெளியில இருக்கிற நேரம் இது ஆளில்லா வீடு. ஆளில்லா வீட்டில நாய் குரைச்சா, தனிமை தாங்காமத்தான் குரைக்குதுன்னு எடுத்துக்கணும். முறைப்பாடு வந்திருக்கு.”

“அது குரங்கப் பார்த்துக் குரைக்குது, சேர்.”

“குரங்கு பதிவில இல்லை.”

“நான்?”

அவர் பக்கத்தைப் புரட்டினார். நியாயமான மனிதர், என்னைத் தேடிப் பார்க்காமல் பதில் சொல்லவில்லை. “இருக்கீங்க. ‘ஏனையோர்’ல. நீங்களும் பிள்ளையும். தண்ணித் தாங்கிக் கணக்குக்காக எடுத்தது.”

பிறகு கடிதத்தைத் தந்தார். மேற்படி நாயானது புதிய வதிவிடத்தில் தனித்திருப்பதற்குத் தன்னை இயைபுபடுத்திக்கொள்ள ஒரு மாத காலம் வழங்கப்படுவதாகவும், அவ்வாறு இயைபுபட்டமையைச் சபை நேரில் கண்டு அத்தாட்சிப்படுத்தும் என்றும், தவறும் பட்சத்தில் மேற்படி நாய் வளாகத்திலிருந்து அகற்றப்படும் என்றும் அதில் இருந்தது. ‘அகற்றப்படும்’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள். சார்ஜன் என் காலடியில் படுத்து, கடிதத்தின் மூலையை நக்கினான். அவன் போய்விட்டால் அந்தப் பல்கனிக்கும் பிள்ளையின் தொட்டிலுக்கும் நடுவில் நான் ஒருத்திதான். பதிவின்படி அதுவும் இல்லை.

சாயந்தரம் சந்திரகுமார் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். முகம் மலர்ந்தது.

“பாத்தியா, மூணு மொழியிலயும் அடிச்சிருக்காங்க. மரியாதையான எடம்தான்.”

“சார்ஜன் குரைக்காட்டி குரங்குக்கு நான் என்ன செய்றது?”

“கதவ மூடு.”

“பிள்ளைத் துணி எங்க காயப்போடுறது?”

அந்த இடத்தில் அவருக்குத் தொலைபேசியில் ஏதோ வந்துவிட்டது. வந்தது நிலூஷாவின் விளம்பரம்.

இப்போது கண்டியில் கொஞ்சம் வசதியாக இருப்பவர்கள் நாய்க்குச் சோறு போடுவதோடு நிறுத்துவதில்லை. நாயின் மனத்தையும் கவனிக்கிறார்கள். நிலூஷா விலங்கு உளநல ஆலோசகர். இணையவழியில் படித்து முடித்தவர். காதில் மயிலிறகு, கையில் ஒரு வெண்கலக் கிண்ணம். கிண்ணம் திபெத்திலிருந்து வந்ததென்றார். அடியில் ஒட்டியிருந்த சீட்டில், கண்டிக்குப் பக்கத்திலிருக்கிற பிலிமத்தலாவைக் கடையொன்றின் பெயர் இருந்தது. வழியில் இறங்கி வந்திருக்கலாம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அவர் சார்ஜனின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தைத் தட்டி, கண்ணை மூடினார். சார்ஜன் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான். சோறு இல்லை.

“இவர் ரொம்ப வேதனையில இருக்காரு அக்கா,” என்றார் நிலூஷா. “இடம் மாறின ட்ரோமா.”

“எனக்கும் இந்த வீடு புதுசுதான்.”

“அதுதான் பிரச்சினையே. ஒங்க பயம் அவருக்குப் போகுது. நீங்க உள்ள இருந்தா அவர் எப்பிடித் தனிமை பழகுவாரு? ஒங்களயே நம்பிக்கிட்டு இருப்பாரு.”

“நான்தான் அவன நம்பிக்கிட்டு இருக்கேன்.”

“பாத்தீங்களா,” என்றார் சந்திரகுமாரிடம், நோயைக் கண்டுபிடித்துவிட்ட டொக்டரைப் போல.

சிகிச்சை ஆரம்பமானது. பிரதான குடியிருப்பாளரின் வாசனை நாய்க்கு ஆறுதல் என்பதால் சந்திரகுமார் இடுப்பில் கட்டும் நல்ல சாரம் ஒன்று, துவைக்காமல், சார்ஜனுக்கு விரிக்கப்பட்டது. ஆள் இருப்பதுபோல் தோன்ற ரேடியோ பாட வேண்டும். இதைக் கேள்விப்பட்ட இராமகிருஷ்ணன் சேர் உடனே மேலே வந்தார். ஒரு மொழியில் மட்டும் ரேடியோ போட்டுப் பழக்கப்பட்ட நாயைச் சபை அத்தாட்சிப்படுத்தினால் நாளைக்குக் கேள்வி வரும் என்றார். ஆகவே சிங்களத்தில் செய்தி, தமிழில் பாட்டு, ஆங்கிலத்தில் வானிலை என்று மாற்றி மாற்றிப் போட்டோம். சார்ஜன் மூன்றுக்கும் சமமாகத் தூங்கினான். மும்மொழிக் கொள்கை குறையில்லாமல் அமுலானது எனக்குத் தெரிந்து அந்தச் சாரத்தின் மேல்தான்.

முக்கியமான பகுதி, நான் வெளியே போவது. ஆரம்பத்தில் கொஞ்ச நேரம். பிறகு முழுக் காலையும். திரும்பி வரும்போது அவனைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. உள்ளே நிலூஷா, நாய் குரைத்தால் முகத்தைத் திருப்புவார், பேசாமல் இருந்தால் கோழித் துண்டு கொடுப்பார். குரங்கு வந்து சார்ஜன் பேசாமல் இருந்தால் இரண்டு துண்டு. நான் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த மாதம் முழுக்கப் பனிமூட்டம். படியேறிப் போனவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

“ஏன் வெளிய?”

“உள்ள நாய் தனியா இருக்கப் பழகுது.”

“ஐயோ பாவம்,” என்பார்கள். கதவைப் பார்த்து.

மேல்மாடியிலிருக்கும் முஸ்லிம் அக்கா, றலியா ராத்தா மட்டும் நின்றார். அவருடைய கணவர் முனாஸுக்கு மடவளையில் கடை. விடிய முன்னம் போனால் இரவுதான் வருவார். ராத்தா சார்ஜனுக்குப் பயந்து எங்கள் கதவருகே வரமாட்டார். படி வளைவில் நின்றே பேசுவார்.

“என்ன புள்ள, பச்சப் புள்ளயோட குளிர்ல ஈக்கிறீங்க?”

சொன்னேன்.

“ஒத்தையா ஈக்கப் பழக்கிறதா?” கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “நான் கலியாணம் முடிச்சி வந்த நாளேலிருந்து அந்த வீட்டுல ஒத்தையாத்தான் ஈக்கிறன். எனக்கு ஒருத்தரும் கிண்ணம் தட்டல்ல.”

மேலே போய், எனக்கு இஞ்சித் தேத்தண்ணியும், பிள்ளைக்குக் கம்பளித் தொப்பியும் கொண்டுவந்து தந்தார்.

மாதம் முடிந்தது. அத்தாட்சிப்படுத்தும் நாள் வந்தபோதுதான் சபைக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. நாய் தனியாக இருப்பதை நேரில் காண வேண்டும். நேரில் காண ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். ஒருவர் உள்ளே இருந்தால் நாய் தனியாக இல்லை. சபை இதற்காக விசேடக் கூட்டம் கூடி, பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்தது. கடைசியில் இராமகிருஷ்ணன் சேரே வழி கண்டார்.

“நான் ஆளாப் போகல்ல. பதவியாப் போறேன்,” என்றார்.

கழுத்துப் பட்டியை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பல்கனிக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்தார். கதவோரத்துக் கண்ணாடி வழியாக நானும் நிலூஷாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். சந்திரகுமாரின் சாரத்தில் சார்ஜன். ரேடியோவில் வானிலை. மழை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மழை தொடங்கியது. பலாமரம் ஆடியது.

பெரிய கடுவன் குரங்கு ஒன்று கம்பியைத் தாண்டி உள்ளே வந்தது. சார்ஜன் தலையைத் தூக்கினான். எனக்கு உயிர் வந்தது. அவன் குரங்கைப் பார்த்தான், பிறகு கோழித் துண்டு வரும் திசையைப் பார்த்தான், தலையைச் சாரத்தில் வைத்துக்கொண்டான். நிலூஷா என் தோளைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். “எவ்வளவு வளர்ந்துட்டாரு பாருங்க அக்கா.”

கடுவன் இராமகிருஷ்ணன் சேரின் மடியில் அவர் கொண்டுவந்து வைத்திருந்த மாலுபாணை, மீன் வைத்த பணிஸை, எடுத்துத் தின்றது. அவர் கத்தவில்லை. சத்தம் போட்டால் பரிசோதனை பழுதாகிவிடும். அடுத்து அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தது. அதற்கும் அவர் அசையவில்லை. பதவிக்கு மூக்கில்லை என்பதை அவர் மறக்கவில்லை. குரங்கு கண்ணாடியோடு மரமேறிப் போனபின், சுவரைத் தடவித் தடவி வெளியே வந்து, “எவ்வித சத்தமும் கேட்கவில்லை. மிகத் திருப்தி,” என்றார். கண்ணாடி இல்லாததால் கையெழுத்தை உரிய கோட்டில் வைக்காமல் நாயின் பெயருக்கு நேரே வைத்தார்.

படியில் கூடி நின்ற எல்லோரும் கை தட்டினார்கள். சந்திரகுமார் சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். என் பட்டச் சான்றிதழ் அலுமாரிக்குள் இருக்கிறது.

குரங்குகளுக்குச் சபை எதையும் அறிவிக்கவில்லை. ஆனாலும் அவற்றுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அடுத்த கிழமை நான் குசினியில் பிள்ளையின் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் தொட்டிலின் விளிம்பில் அந்தக் கடுவன். ஒரு கை தொட்டில் கம்பியில். மற்றக் கை பிள்ளையின் தொப்பியில். மகள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சார்ஜன் சாரத்தில் படுத்து, மிக அமைதியாக, அத்தாட்சிப்படுத்தப்பட்டபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கத்தத்தான் வாயைத் திறந்தேன். கொன்வென்ட்டில் படித்தவளுக்கு அது அவ்வளவு இலேசில்லை. பெண்பிள்ளையின் குரல் பக்கத்துக் கதிரைக்குக் கேட்டால் போதும் என்று சிஸ்டர்மார் சொல்லித் தந்து வளர்த்தவர்கள். என் வாயிலிருந்து முதலில் வந்தது, “ப்ளீஸ்.”

குரங்கு பல்லைக் காட்டியது. தொப்பி பிள்ளையின் தலையிலிருந்து மெல்லக் கழன்றது.

அப்போது நான் குரைத்தேன்.

எங்கிருந்து வந்ததென்று தெரியாது. அடிவயிற்றிலிருந்து, நாலு காலில் நிற்பதுபோல வந்தது. குரங்கு தொப்பியைப் போட்டுவிட்டுக் கம்பியில் மோதி, மரத்துக்குத் தாவியது. அது காட்டுக்குள் மறையும்வரை நான் பல்கனியில் நின்று குரைத்தேன். பிறகு பிள்ளையைத் தூக்கினேன். சார்ஜன் எழுந்து வந்து, என்னைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குக் கற்பித்தது அப்படித்தான்.

மறுநாள் இராமகிருஷ்ணன் சேர் புதுக் கண்ணாடியோடு வந்தார்.

“நாய் குரைச்சதா முறைப்பாடு.”

“நாய் இல்ல, சேர். நான்தான் குரைச்சேன்.”

அவர் கோப்பைத் திறந்தார். “அந்த நேரம் பிரதான குடியிருப்பாளர் வீட்டில இருந்தாரா?”

“இல்ல.”

“அப்ப வீட்டில ஆளில்லை. ஆளில்லாத வீட்டில குரைக்கிறதுன்னா நாய்தான் குரைக்கணும். நாய் குரைக்காதுன்னு நானே கையெழுத்து வச்சிருக்கேன்.” பேனா மூடியால் நெற்றியைத் தட்டினார். “ஆகவே சத்தம் வரல்ல.”

“பிள்ளயக் குரங்கு தூக்கப் பார்த்திச்சி, சேர்.”

“அத எழுதித் தாங்க,” என்றார் பரிவோடு. “பிரதான குடியிருப்பாளர் கையெழுத்தோட.”

அன்றைக்கு மாலை சந்திரகுமாரிடம் நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் பிள்ளையைத் தூக்கித் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். பிறகு, “சான்றிதழுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?” என்றார்.

என் வீட்டில் நான் குரைப்பதால் குரங்குகள் மேல்மாடிக்குப் போயின. ஒருநாள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் இருமல் கலந்த, வெட்கப்பட்ட குரைப்பு. பிறகு வெட்கம் போய்விட்டது. றலியா ராத்தா படி வளைவில் என்னைக் கண்டபோது, “தொண்ட கட்டிப் போச்சி புள்ள. நீங்க எப்பிடிக் குரைக்கிற, வயித்தாலயா?” என்று கேட்டார். குரைத்துக் காட்டினேன். அதன்பின் மூன்றாம் மாடி. அங்கே ஒரு பள்ளிக்கூட ரீச்சர் பிரசவ லீவில் இருக்கிறார். பிறகு கீழ்மாடி. சார்ஜனைப் பற்றி முதல் முறைப்பாடு கொடுத்தது கீழ்மாடிக்காரர்தான். இப்போது அவருடைய மனைவியின் குரல்தான் எல்லாவற்றிலும் கனமானது.

முறைப்பாடுகள் நின்றுவிட்டன. முறைப்பாடு செய்ய உரிமையுள்ளவர்கள் அந்த நேரம் வேலையில் இருக்கிறார்கள். மாலையில் வந்து, சப்பாத்தைக் கழற்றி, “என்ன அமைதியான எடம்,” என்கிறார்கள். நாங்களும் ஆமென்கிறோம். கத்திக் கத்தி, அதற்கு மேல் பேச எங்களுக்குக் குரல் இருப்பதில்லை.

சார்ஜன் சாரத்தில் படுத்து, மூன்று மொழியிலும் ரேடியோ கேட்கிறான். நாங்கள் குரைக்கத் தொடங்கினால் ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்க்கிறான். புது வீட்டில் தனியாக இருக்கப் பழகிவிட்டதாக அத்தாட்சி உள்ளவன் இந்தக் கட்டடத்தில் அவன் ஒருவன்தான்.